ஒரு நாள் கழித்துப் பேசியவள்

தியாகதுருகத்து ராஜாங்கத்தின் மகள் பெரியநாயகி பேசியதெல்லாம் சரியாக ஒரு நாள் கழித்துத்தான் மற்றவர் காதில் விழுந்தது. உதடு இன்றைக்கு அசையும். சத்தம் மறுநாள் அதே நேரத்துக்கு வரும். அந்த நேரத்தில் அவள் சோறு தின்றுகொண்டிருந்தாலும் சரி, வாயை மூடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாலும் சரி, குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும். எழுத்தும் அப்படித்தான். சிலேட்டில் எழுதினால் அன்று முழுக்க வெறும் சிலேட்டு. மறுநாள்தான் வெள்ளை எழுத்து தெரியும். சிரிப்பும் கண்ணீரும் மட்டும் நேரத்துக்கு வந்தன. வீட்டில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. கரும்புக் கொல்லையில் களையெடுத்துவிட்டு வந்து அம்மா லட்சுமியம்மாள் அடுப்பு மூட்டும்போது, "பசிக்குதும்மா" என்று குரல் வரும். "அது நேத்துப் பசி, அதுக்கு நேத்தே சோறு போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களைவாள்.

பள்ளிக்கூடம்தான் பொறுக்கவில்லை. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால், பெரியநாயகியிடமிருந்து முந்தின நாள் கேட்ட ஆற்றின் பெயர் வரும். வாத்தியார்கள் திமிர் என்று நினைத்து முட்டி போட வைத்தார்கள். எழுதச் சொன்னால் வெறும் சிலேட்டை நீட்டினாள். மறுநாள் எழுத்து எழும்பும் முன்பே யாராவது அதை ஈரத்துணியால் துடைத்திருப்பார்கள். மூன்றாம் வகுப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்தாள். பதினொரு வயதில், உதட்டை அசைப்பதையே விட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள். கரும்பு வெட்டு தொடங்கியதும் அவளைக் கொல்லைக்கு அழைத்துக்கொள்வதாக ராஜாங்கம் சொல்லிவிட்டார்.

1961ஆம் வருஷம் ஆசியா பீவி அந்தப் பள்ளிக்கு வந்தார். கள்ளக்குறிச்சியில் இரும்புக்கடை வைத்திருந்த கலீலுல்லாவின் தங்கை, இருபத்தாறு வயது, தினமும் பஸ்ஸில் வந்து போவார். இறந்துபோன அத்தாவின் பெரிய கைக்கடிகாரத்தை மெல்லிய மணிக்கட்டில் கட்டியிருந்தார். முதல் நாள் காலை, ஜன்னலுக்கு வெளியே மேற்கில் நீலமாகத் தெரிந்ததைக் காட்டி அது என்ன மலை என்று கேட்டார். கேட்ட விதத்தில் அதட்டல் இல்லாததால் பெரியநாயகியின் உதடு அவளை மீறி அசைந்துவிட்டது. சத்தம் வரவில்லை. டீச்சர் அதைக் கவனித்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பாடத்தைத் தொடங்கினார். மறுநாள் கழித்தல் கணக்கு நடந்துகொண்டிருக்கும்போது வகுப்பின் நடுவில் "கல்வராயன் மலை" என்று குரல் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். ஆசியா பீவி சிரிக்காமல் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி பத்து நிமிஷம். நேற்றுக் கேட்டதும் அதே நேரம்தான் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது.

அன்று அவளிடம் ஒரு கணக்கு எழுதி வாங்கி, வெறும் சிலேட்டைத் தாளில் சுற்றிக் கள்ளக்குறிச்சிக்கு எடுத்துப்போனார். அடுத்த நாள் வரும் வழியில் பஸ்ஸிலேயே பிரித்துப் பார்க்க, இன்னும் வெறும் சிலேட்டாகவே இருந்தது. வகுப்பில் மேசைமேல் வைத்தார். நேரம் வந்ததும் கணக்கு ஒவ்வொரு எண்ணாக எழும்பி வந்தது. விடையும் சரி.

"உனக்கு ஒண்ணும் கம்மி இல்ல," என்றார். "நான் இன்னிக்குக் கேக்கறேன், நீ நாளைக்குச் சொல்லு. எனக்கு அவசரம் இல்ல."

பெரியநாயகி அழுதாள். அது நேரத்துக்கே வந்தது.

அதன்பின் ஆசியா பீவி பாட அட்டவணையையே மாற்றிக்கொண்டார். செவ்வாய்க்கிழமைக் கேள்வியைத் திங்களன்றே அவளிடம் கேட்டு வைத்துவிடுவார். செவ்வாயன்று மொத்த வகுப்பையும் அதே கேள்வி கேட்கும்போது அவள் பதிலும் கூட்டத்தோடு கூட்டமாக வந்து சேரும். கொல்லைக்கு அழைக்க வந்த ராஜாங்கம் வாசலில் நின்று, மகள் பதினாறாம் வாய்ப்பாடு சொல்வதைக் கேட்டார். "நேத்தே சொல்லி முடிச்சுட்டாளாங்க?" என்றார். "ஆமாங்க" என்றார் டீச்சர். ராஜாங்கம் தனியாகத் திரும்பிப் போனார்.

எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு திருக்கோவிலூரில் நடந்தது. டீச்சர்தான் கூட்டிப்போனார். இரண்டரை மணி நேரம் பேனாவைக் கீழே வைக்காமல் எழுதிவிட்டு பெரியநாயகி நீட்டிய தாளில் ஒரு எழுத்துகூட இல்லை. மேற்பார்வையாளர் சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

"வெத்துத் தாள்ல குறுக்கக் கோடு போடணும், ரூல்ஸ்ங்க."

வெளியே காத்திருந்த ஆசியா பீவி உள்ளே வந்து தாளின்மேல் கையை வைத்தார். "கோடு போட்டீங்கன்னா அவ எழுதினது மேல வுழும் சார். நாளைக்குப் பாருங்க. அப்பவும் ஒண்ணும் இல்லன்னா என் வேலைய எடுத்துக்குங்க."

"எழுத்துல குடுப்பீங்களா?"

டீச்சர் நின்றபடியே ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அவர் கையெழுத்து அப்போதே தாளில் தெரிவதை பெரியநாயகி பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் யார் கண்ணுக்கும் தெரியாத தன்னுடைய எழுத்தை நம்பி ஒருத்தர் சோற்றையே பணயம் வைக்கிறார் என்பது அவளுக்கு உறைத்தது. மூன்றாவது கேள்வியைத் தப்பாக எழுதிவிட்டோமோ என்று வழியெல்லாம் பயந்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு மேற்பார்வையாளர் அலமாரியிலிருந்து தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மை வரி வரியாக வந்தது. அவள் யோசித்த இடத்தில் நின்றது; மூன்றாவது கேள்வியில் அடித்துத் திருத்தியது. வாங்கி வைத்த டீ ஆறி ஆடை படிந்தது. பன்னிரண்டரைக்கு அவர் ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, "விடைத்தாள் ஒன்று மறுநாள் பூர்த்தியானது" என்று பதிவேட்டில் எழுதி, தாளைக் கட்டோடு சேர்த்தார். பெரியநாயகி பாஸானாள்.

அந்த வருஷமே ஆசியா பீவிக்குக் கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளிக்கு மாற்றலானது. பதினொரு வருஷம் அங்கே இருந்தார். பெரியநாயகி கடிதம் போட்டாள். வெறும் இன்லண்டு லெட்டரை வாங்கிப் பார்த்து, "இன்னாம்மா, ஒண்ணுமே எழுதாம ஒட்டிக்கினு வந்துருக்க?" என்று தபால்காரர் கேட்பார். அது மலை ஏறிச் சேர மூன்று நாளாகும். அதற்குள் எழுத்தெல்லாம் வந்து குந்தியிருக்கும். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டிய தெய்வசிகாமணி பெண் பார்க்க வந்து, என்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டான். அவள் உதட்டை அசைத்துவிட்டு, நாளைக்கு வா என்று கையால் காட்டினாள். முன்பாயிருந்தால் தலையைக் குனிந்திருப்பாள். அவன் மறுநாள் டிராக்டரை வாசலில் நிறுத்தி, பதிலைக் கேட்டுவிட்டுப் போனான். ரெண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், இருவரும் நேரத்துக்கே பேசினார்கள். வரப்புத் தகராறு, மாமியார் மருமகள் சண்டை என்று ஊரார் அவளிடம் வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். தீர்ப்பு மறுநாள்தான் வரும் என்பதால் பாதிப் பேர் இடையிலேயே சமாதானமாகிப் போனார்கள். மீதிப் பேருக்கு அவள் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்தது.

2009இல், கலீலுல்லாவின் மகள் ரஜியாவிடமிருந்து சேதி வந்தது. அத்தைக்கு ஞாபகம் போய்விட்டது, யாரையும் தெரியவில்லை. ஐம்பத்தொன்பது வயதுப் பெரியநாயகி பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போனாள். பதினொரு மணி. இரும்புக்கடைக்குப் பின்னால் உள்ள வீட்டில் ஆசியா பீவி நாற்காலியில் சின்னதாக உட்கார்ந்திருந்தார்.

"நீ யாரும்மா?"

பெரியநாயகி உதட்டை அசைத்தாள். சத்தமில்லாத வாயை டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறுபது வயதை நெருங்கியவளுக்கு மூன்றாம் வகுப்பில் வெறும் சிலேட்டை நீட்டி நின்றதுபோல் இருந்தது.

"நீங்க வந்தது அவங்களுக்கு நாளைக்கி ஞாபகம் இருக்காதுங்க" என்றாள் ரஜியா.

ஆனாலும் பெரியநாயகி மறுநாள் போனாள். பஸ் முன்னதாகவே வந்துவிட்டதால் வாசலில் நின்று, பதினொரு மணிக்கு உள்ளே நுழைந்தாள். டீச்சர் நிமிர்ந்தார்.

"நீ யாரும்மா?"

"பெரியநாயகி, டீச்சர். தியாகதுருகம். நீங்க படிக்க வச்ச பொண்ணு."

நேற்றுச் சொன்னது, கேட்ட கேள்விக்கு உடனே வந்து விழுந்தது. முன்கூட்டிக் கேட்டு வைக்காமல் பிறந்ததிலிருந்து இப்படி நடந்ததில்லை. பெரியநாயகி தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தாள்.

"அப்படியா?" ஆசியா பீவியின் முகம் விரிந்தது. "நல்லாப் படிக்கிறியா?"

அதற்கான பதிலுக்கு உதட்டை அசைத்து வைத்தாள். அது அடுத்த நாள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. டீச்சர் தினமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டார். அவளும் தினமும் பதினொரு மணிக்கு வந்து, நேற்றைய குரல் வரும்போதே நாளைக்கும் அதே பதிலுக்கு உதட்டை அசைத்து வைத்தாள். ஒரு வாரத்தில் அவர்கள் கால் மணி நேரம் தடங்கலில்லாமல் பேசினார்கள். பேச்சு லேட்டாக வரும் அம்மா என்று கேள்விப்பட்டிருந்த கடைப்பையன்கள், கரெக்டாகத்தானே பேசுகிறார்கள் என்றார்கள். ரஜியா பதினொரு மணிக்கு ரெண்டு டம்ளர் டீ போடப் பழகிக்கொண்டாள்.