எல்லாம் இடது கை

பாட்டுக்குழுவுக்கு இருபத்துநாலு நீல அங்கிகள். துணைக்கு ஆள் வேண்டாம், தனியாகவே முடித்துவிடுவேன் என்று குழுத்தலைவியிடம் சத்தமாகச் சொன்னேன். ப்ளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் தைத்துக்கொண்டிருந்த அண்ணியின் காதில் விழட்டும் என்றுதான். முன்பு இது ஒரே கடை. பட்டன் தைப்பது நானா அண்ணியா என்று ஆரம்பித்த சண்டை முற்றி, இரண்டு வருடத்துக்கு முன்பு அண்ணன் நடுவில் தடுப்பை அடித்துவிட்டார். அதோடு எங்களுக்குள் பேச்சும் நின்றது.

கொடுக்க வேண்டிய நாள் வந்தது. மாலை ஐந்துக்கு வாங்க வருவார்கள், ஆறுக்கு மேடை. நண்பகலில் அங்கிகளுக்குக் கைகளை இணைக்க எடுத்தால், நாற்பத்தெட்டும் இடது கை. துணியின் மினுக்குப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி மடித்து வெட்டியிருக்க வேண்டும். நான் தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே பக்கமாக அடுக்கிக் கத்தரி போட்டிருக்கிறேன். வலது கைகளை வெட்டத் துணி மீதி இருந்தது, நேரம்தான் இல்லை.

அழுகை முட்டியது. பேர் கெட்டுப்போனால் இனி யார் என்னிடம் துணி கொடுப்பார்கள்? என் வீராப்பு அரை மணி நேரம் தாக்குப்பிடித்தது. பிறகு தடுப்பைத் தட்டினேன்.

"அண்ணி, என்னால முடியல. கொஞ்சம் வாங்களேன்."

அந்தப் பக்கம் மெஷின் நின்றது. வாசல் வழியாக வந்தவர் கைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க ரொம்பப் பாடுபட்டார். வெட்டுவதற்கு நீள மேசை வேண்டும் என்றார். இருவரிடமும் அரை மேசைதான் இருந்தது. பாகம் பிரித்த வேகத்தில் அதையும் அறுத்திருந்தோம். தடுப்பைக் கழற்றி இரண்டையும் சேர்த்துப் போட்டோம்.

அப்போதுதான் அவருடைய மெஷினைப் பார்த்தேன். ஊசியில் நூல், என் அங்கியின் அதே நீலம்.

"காலையிலேர்ந்தே கோத்து வச்சிருக்கேன். நீ குப்பையில போட்ட துண்டப் பாத்துதான் நூல் வாங்கினேன்," என்றார் அண்ணி. "நீ கூப்பிடாம நான் எப்படி வர்றது?"

 கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மெஷினில் உட்கார்ந்தேன்.

அவர் வெட்ட வெட்ட நான் தைத்தேன்; வெட்டி முடித்ததும் அவரும் தன் மெஷினில் உட்கார்ந்தார். ஐந்தடிக்கச் சில நிமிடம் இருக்கையில் கடைசி அங்கிக்கு இஸ்திரி போட்டோம். நல்லவேளை, அங்கிக்குப் பட்டன் கிடையாது.

குழுத்தலைவி வாங்கிக்கொண்டு போனதும் தடுப்பை மறுபடி அடிக்க ஆணி தேடினோம். ஆணி டப்பா அண்ணியின் காலடியில்தான் கிடந்தது. நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

"நாளைக்குத் தேடிக்கலாம் அண்ணி," என்றேன்.