நெட்போல் பார்க்கப் போன நல்லம்மா

நிலூஷா வயதுக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை காலை. மறுநாள் கண்டியில் நெட்போல் போட்டி. பள்ளிக்கூட அணிக்குக் கோல் போடுகிறவளே அவள்தான். வேறு நாளே கிடைக்கவில்லையா என்று தன் உடம்பின் மீதே அவளுக்குக் கோபம் வந்தது.

அம்மா குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தாள். ஆகவே த்ரீவீல் ஓட்டும் அப்பா கணேஸிடம்தான் சொல்லவேண்டியிருந்தது. குசினி வாசலில் நின்று, "அப்பா, எனக்கு அது வந்துருச்சு" என்றாள். முட்டை பொரித்துக்கொண்டிருந்த கணேஸுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அடுப்பை அணைத்தார், மறுபடி பற்றவைத்தார், மகளின் தலையைத் தடவினார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு தெல்தெனிய டவுனுக்குப் பறந்தார். எதை வாங்குவதென்று தெரியாமல் கடையில் இருந்த எல்லா வகைப் பேடிலும் ஒவ்வொன்று வாங்கி வந்தார். கூடவே ஒரு சாக்லேட்.

"கடை பவாஸ் நானாதான் இதையும் குடுங்கன்னாரு" என்றார், மகளைப் பார்க்காமல்.

பின்னேரமே தேயிலைத் தோட்டத்திலிருந்து அவருடைய அக்கா நல்லம்மா வந்து இறங்கினாள். கையில் வேப்பிலை, நல்லெண்ணெய்ப் போத்தல், உளுந்து. நிலூஷாவைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டு, பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, மூலையில் பாயை விரித்தாள்.

"தண்ணி ஊத்துற வரைக்கும் புள்ள வாசல் தாண்டக் கூடாது."

"நாளைக்கு மேட்ச் இருக்கு அத்த. நா போகலன்னா ஆஸிகாதான் கோல் போடணும். அவ வளையத்தப் பாத்தாலே கண்ண மூடிக்குவா."

அத்தை அசையவில்லை. நிலூஷா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். விடியலில் சோறாக்கி, துணி துவைத்துப் போட்டு, பஸ் வரும்வரை வீட்டுச் சுவரில் கரியால் போட்ட வட்டத்தைக் குறிவைத்துப் பந்தெறிந்து பழகியவள் அவள்.

தன்னை வளர்த்த அக்காவை எதிர்த்துப் பேசக் கணேஸுக்கு வாய் வரவில்லை. குவைத்துக்கு வீடியோ கோல் எடுத்தார். அம்மா மகளைப் பார்த்து அழுதாள், சிரித்தாள். பிறகு அத்தையைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, நா வயசுக்கு வந்தப்போ என்னயப் பரீட்சைக்கு விடல. அதோட எம் படிப்பு நின்னுச்சு. இவள விடுங்க. பயமா இருந்தா நீங்களும் கூடப் போங்க."

அத்தை ஒரு வெற்றிலையை மடித்து வாயில் அதக்கிக்கொண்டாள். பிறகு, "அங்க புள்ளைங்களுக்குச் சாப்பிட என்ன குடுப்பாங்க?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை த்ரீவீலில் நிலூஷாவுக்குப் பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருந்தாள். மடியில் வாளி நிறைய உளுத்தங்களி. காத்துக் கறுப்பு அண்டாமலிருக்க நிலூஷாவின் பைக்குள் வேப்பங்கொத்தும் ஒரு இரும்புச் சாவியும்.

ஆட்டம் அத்தைக்குப் பிடிபடவில்லை. "பந்து கைக்கு வந்ததும் ஏன்டா ஓடாம நிக்கிறா?" என்று தம்பியை உலுக்கினாள். அதுதான் விதி என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், எதிரணிப் பெண் நிலூஷாவை இடித்துவிட்டாள். அத்தை எழுந்தே விட்டாள்.

"ஏய், பச்ச ஒடம்புடி அது! தள்ளி நில்லு!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. நிலூஷாவின் காது சிவந்தது. ஆனால் அடுத்த பந்து வளையத்துக்குள் விழுந்தது, அதற்கடுத்ததும்.

இருந்தும் ஒரு கோலால் தோற்றார்கள். ஆஸிகா தேம்பித் தேம்பி அழுதாள். அத்தை வாளியைத் திறந்து களியை உருண்டை உருண்டையாக எல்லார் கையிலும் வைத்தாள். "எம் மருமக பெரிய மனுஷி ஆனதுக்குச் செஞ்சது. சாப்பிடுங்க." மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது நிலூஷாவுக்கு. ஆஸிகாவோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க உம்மாவும் இப்பிடித்தான், முட்டையாக் குடிக்கவச்சே கொன்னாங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

தண்ணீர் ஊற்றிய நாளில் அணி முழுவதும் வீட்டுக்கு வந்தது. கல்யாணமானவர்கள்தான் ஊற்றவேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரி முணுமுணுத்தாள்.

"இவளுங்களும் ஊத்தட்டும், ஒண்ணும் கொறஞ்சுபோகாது" என்றாள் அத்தை. பிள்ளைகள் ஆளுக்கொரு செம்பாக மாற்றி மாற்றி ஊற்றியதில் நிலூஷாவுக்கு மூச்சுத் திணறியது. "போதும்டி, போதும்!" என்று கத்தினாள், சிரித்துக்கொண்டே.