இரண்டாவது கோப்பை

ஆங்கிலத்தில் இல்லாத சொற்கள் எங்கள் ஸ்வீடிஷ் மொழியில் சில இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றும் பொறுப்பு தன் ஒருவர் தலையில்தான் விழுந்திருக்கிறது என்று ஓய்வுபெற்ற மொழி வாத்தியார் ஹில்டிங் நம்பினார். எங்கள் ஊர் ஹெர்னேசாண்ட் நூலகத்தில் அதைப் பற்றிப் பேசுவார். பனி கொட்டும் நாட்களில் நல்ல கூட்டம் வரும். நூலகத்தில் வெந்நீர்க் குழாய்கள் நன்றாகச் சூடேறும்.

"விருந்தாளி வேண்டாம்பார். விடக் கூடாது! மறுபடி கேக்கணும், மறுபடியும் கேக்கணும். அந்த வற்புறுத்தலுக்கு நம்மகிட்ட தனிச் சொல்லே இருக்கு: ட்ரூகா! இங்கிலீஷ்காரன் பாவம், ஒரே தடவை கேட்டுட்டு காபியை மூடி வெச்சிடுவான்."

மனைவி இறந்த பிறகு அவரை யாரும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது சொற்பொழிவில் வராது.

மே மாதம், இயேசு விண்ணேறிய திருநாளன்று, விடியலில் காட்டுக்குப் போய்க் குயில் கூவக் கேட்பது எங்கள் வழக்கம். அதற்கும் ஒரு சொல் உண்டு. 'அனைவரும் வருக' என்று குடியிருப்பின் சலவை அறைக் கதவில் ஹில்டிங் ஓர் அறிவிப்பு ஒட்டினார். அனைவருமாக வந்தது மேல்மாடி சோல்வெய் மட்டும்.

இத்தனை வருடத்தில் இருவரும் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசியிருக்க மாட்டார்கள். வெளியே கிளம்புமுன் நாங்கள் கதவின் கண்துளையில் பார்ப்பது திருடனுக்குப் பயந்து அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் படியில் நின்றால், அவர் போனபின் கிளம்பலாமே என்றுதான். இதற்கு மட்டும் எங்களிடம் சொல் கிடையாது.

"தூக்கம் வரல, அதான் வந்தேன். ரொம்பப் பெருமைப்பட்டுக்காதீங்க, வாத்தியாரே" என்றாள் சோல்வெய்.

ஹில்டிங்குக்குப் பெருமைதான். ஞாயிற்றுக்கிழமை அவளைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுவிட வேண்டும் என்று படி இறங்கும்போதே தீர்மானித்திருந்தார். முதல் கோப்பைக் காபியில் கேட்டால் அவசரமாகத் தெரியும். இரண்டாவதில் கேட்கலாம். இரண்டாவது கோப்பைக்கும் எங்களிடம் தனிச் சொல் இருக்கிறது. அதன் வரலாற்றைத்தான் வழி நெடுக விளக்கிக்கொண்டு வந்தார்.

"கொஞ்சம் வாயை மூடுங்களேன்! குயிலுக்கும் ஒரு வாய்ப்புக் குடுங்க."

மூடினார். பிர்ச் மரங்களுக்கு அப்பால் குயில் கூவியது. இருவரும் ஒரே மரக்கட்டையில் உட்கார்ந்து, அவள் சுட்டுக் கொண்டுவந்த ஏலக்காய் ரொட்டியைத் தின்று, அவள் பிளாஸ்க்கிலிருந்து ஆளுக்கு ஒரு கோப்பைக் காபி குடித்தார்கள். ரொட்டி கொஞ்சம் கருகியிருந்தது. அவருக்கு அது அமிர்தமாக இருந்தது.

சோல்வெய் பிளாஸ்க்கைத் தூக்கினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"ஐயோ, வேண்டாம், வேண்டாம்" என்றார் ஹில்டிங். முதல் தடவையே வாங்கிக்கொள்வது அவர் வளர்ந்த வீட்டில் மரியாதை இல்லை. கோப்பையை மட்டும் லேசாக முன்னால் நீட்டி வைத்தபடி அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார்.

"சரி" என்று சோல்வெய் மூடியைத் திருகினாள். வேண்டாம் என்றவரைத் தொந்தரவு செய்வது அவள் வளர்ந்த வீட்டில் மரியாதை இல்லை. "கிளம்பலாமா? ஈரம் ஏறுது."

ட்ரூகா பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவருக்கு 'குடுங்க' என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை. குயில் மறுபடி கூவியது. யாரும் கேட்கவில்லை.

வரும் வழியில் ஹில்டிங் எதற்கும் விளக்கம் சொல்லவில்லை. அவர் கதவருகே சோல்வெய் ஒரு நொடி நின்றாள்.

"நல்லா இருந்துச்சு, வாத்தியாரே. என்ன, திடீர்னு பேச்சே காணோம்?"

"இல்ல... ஒண்ணுமில்ல. நன்றி."

"சரி, அப்ப." அவள் மேலே ஏறினாள்.

உள்ளே போய்க் காபி போட்டார். மேஜைக்கு எதிரே நாற்காலி காலியாக இருந்தது. முதல் கோப்பையைக் குடித்து முடித்துப் பாத்திரத்தைத் தூக்கினார்.

"இன்னும் கொஞ்சம்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

"ஐயோ, வேண்டாம்."

"அட, அரைக் கோப்பைதானே!"

"போதுங்க, நிஜமா."

"எனக்காக ஒரு வாய்."

"இவ்வளவு தூரம் சொல்றீங்க..." என்று ஹில்டிங் கோப்பையை நீட்டி, விளிம்புவரை ஊற்றிக்கொண்டார்.

மேலே சோல்வெய் வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு நாற்காலி.