புகை தெரிந்த தீவு

கடல் வரைபடங்களுக்கு வண்ணம் பூசுவது என் பிழைப்பு. ஹோர்ன் துறைமுகத்தில் தியூனிஸ் ஐயா கோடு போடுவார், நான் நிறம் போடுவேன். என் கணவன் வீபே இருக்கும் தீவுக்குப் பச்சை பூசியதும் நான்தான்.

நாலு வருடத்துக்கு முன் தெற்கு அட்லாண்டிக்கில் தண்ணீர் எடுக்க அங்கே இறங்கினான். புயல் கப்பலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. திரும்பிப் போய்த் தேடினார்களாம், தீவே அகப்படவில்லையாம். ஊரே என்னை விதவைக் கறுப்பு உடுத்தச் சொன்னது. வேறு வேலை பாருங்கள் என்றேன். அவன் குரல் மறந்துவிடுமோ என்று பயந்து, அவன் திட்டுகிற மாதிரியே என்னை நானே திட்டிக்கொள்வேன்.

ஒரு நாள் கேப்டன் எவெர்ட் கடைக்கு வந்தார்.

"புதுசா ஒரு தீவு பார்த்தேன். நெருப்பு மலை, புகை வருது. முப்பத்தேழு டிகிரி தெக்கு."

தியூனிஸ் ஐயா வரைந்து முடித்து, "ஆல்ட்யெ, உச்சிக்குச் சிவப்பு பூசு" என்றார்.

என் கை ஓடவில்லை. வீபேயின் தீவும் முப்பத்தேழுதான். இது படத்தில் கிழக்கே ஒரு சாண் தள்ளியிருந்தது.

"ஐயா, ரெண்டும் ஒரே தீவு."

"உனக்குப் பார்க்கிற பாறையெல்லாம் வீபே. ஒரு கேப்டன் பார்த்தேன்னு சொன்னா வரையணும், இன்னொருத்தர் பார்த்ததை அழிக்கக் கூடாது. அதானே நம்ம வழக்கம்?"

நான் விடவில்லை. "கிழக்கு மேற்கை எப்படி அளந்தீங்க, கேப்டன்?"

"எல்லாரும் அளக்கிற மாதிரிதான். குத்துமதிப்பு," என்று சிரித்தார்.

அதுதான் விஷயம். வடக்கு தெற்கைச் சூரியன் சொல்லிவிடும். கிழக்கு மேற்கைச் சொல்ல யாருமில்லை.

கேப்டனின் சிரிப்பு நின்றது. "ஒரு ஆளை விட்டுட்டு வந்த தீவு ஒண்ணு உண்டுன்னு தெரியும்மா. படத்தை விரிச்சும் பார்த்தேன். அது மேக்கால நூறு காதம் தள்ளி இருந்துச்சு. காத்தும் நல்லா இருந்துச்சு, வந்துட்டோம்."

அவர் கப்பலில் விரித்த படம் எங்கள் கடைப் படம். அந்தப் பச்சை என் பச்சை.

"திரும்பப் போங்க," என்றேன். "முப்பத்தேழைப் பிடிச்சுக் கிழக்கே ஓட்டிக்கிட்டே இருங்க, தீவு வர்ற வரைக்கும்."

"வசந்தத்துல போறேன்மா. சத்தியமா."

"புகை எப்படி இருந்துச்சு?"

அவர் தொப்பியைக் கையில் சுருட்டினார். "அதை விடும்மா."

"சொல்லுங்க."

"முதல்ல மெல்லிசாத்தான். நாங்க விலக விலகக் கறுப்பா, தடியா ஏறுச்சு. மலை வெடிக்கப்போகுதுன்னு பயந்து கப்பலோட எல்லாப் பாயையும் விரிச்சு ஓடிட்டோம்."

அது மலைப் புகையில்லை, கப்பலைத் திருப்ப வீபே மூட்டிய நெருப்பு. கையில் கிடைத்ததையெல்லாம் போட்டிருப்பான், படுக்கிற குடிசையையும் சேர்த்து. அதற்கப்புறம் வந்த குளிர்காலத்தை எதை வைத்துத் தாண்டினான் என்று எனக்குச் சொல்ல அங்கே ஆளில்லை.