நாலாவது தட்டு

ஆய்வேட்டை யாரும் படிப்பதில்லை. தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க நேரே நன்றிப் பக்கத்துக்குப் போவார்கள். இருபத்தெட்டு வருடமாக இந்தத் துறையின் கருவிகளைக் கட்டி மேய்க்கும் நானும் அப்படித்தான்.

தூவாவின் நன்றிப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. அவள் நாயின் பெயரும் இருந்தது. யோவாரின் பெயர் இல்லை.

யோவார் அவளுக்கு முன்னால் அதே மேசையில் இருந்தவன். ஏரியில் பனிக்கட்டி விரிசல் விடும் ஓசையை, அடியில் ஒலிவாங்கியைத் தொங்கவிட்டு அளந்தவன். ஐந்து வருடத்துக்கு முன், ஒரு நவம்பரில் அந்தக் கருவியைச் சரிபார்க்கப் போனான். நான்கு இடத்திலும் பனி தாங்கும் என்று பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினான். பனி உடைந்து உள்ளே போனான். உடல் கிடைக்கவில்லை.

ஏழாவது வாரமே அவன் இடத்துக்கு விளம்பரம் வந்தது. எங்கள் ஸ்வீடனில் முனைவர் பட்ட ஆய்வு என்பது சம்பள வேலை. இருநூற்றுப் பதினாறு பேர் விண்ணப்பித்து, தூவா வந்தாள். யோவாரின் குறிப்பேட்டை அவளிடம் கொடுத்தது நான்தான். "எடுத்துக்கோ, அவனுக்கா இனிமே பட்டம் வேணும்?" என்றேன். மூன்றாம் அத்தியாயம் முழுக்க அவன் அளவுகள். தன்னுடையதாக எழுதிக்கொண்டாள்.

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு, எல்லோரும் பார்க்க, மாணவரே தன் ஆய்வேட்டைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவது வழக்கம். குறை சொல்ல நினைப்பவர் அதற்குள் சொல்லலாம். மார்ச் மாதம், பிற்பகல் மூன்று மணிக்குத் தூவா சுத்தியலால் மூன்று அடி அடித்தாள். கைதட்டிவிட்டுக் கேக் தின்றோம்.

ஆய்வகத்துக்குத் திரும்பினால், ஏரியின் ஒலியைக் காட்டும் திரையில், சரியாக மூன்று மணிக்கு நான்கு தட்டுகள் பதிவாகியிருந்தன. ஏரி பதினோரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

"விரிசல்தானே?" என்றாள் தூவா.

"விரிசல் இவ்வளவு ஒழுங்கா வராதுன்னு மூணாம் அத்தியாயத்துல நீதானே எழுதியிருக்க?"

"நான் எங்க எழுதினேன்?" என்றாள் மெதுவாக.

மறுநாளும் மூன்று மணிக்கு நான்கு. அதற்கடுத்த நாளும். மூன்று சீராக வரும், கொஞ்சம் விட்டு நாலாவது.

ஐந்தாம் நாள் அவள், "எவெர்ட், அவன் பேரைக் கேக்குறான்," என்றாள்.

"லூசா நீ? வெளிய சொன்னா பட்டம் போயிடும்."

"போனா போகட்டும். தூங்கி அஞ்சு நாளாச்சு."

ஆணியில் தொங்கிய புத்தகத்தை விரித்துப் பேனாவால் எழுதினாள்: 'மூன்றாம் அத்தியாயத்தின் அளவுகள் எல்லாம் யோவாருடையவை.' பேராசிரியரிடமும் போய்ச் சொன்னாள். தேர்வை நிறுத்திவிட்டார்கள். அழுதுகொண்டே மேசையைக் காலி செய்தாலும், "இன்னிக்குத் தட்டமாட்டான் பாரு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்குத் திரை முன்னால் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. கொஞ்சம் விட்டு, நான்கு.

அவன் பெயரைக் கேட்டு ஒருநாளும் தட்டவில்லை.

ஏரியில் ஆள் இறங்கும் முன், கரையிலிருந்து கருவி வரை நான்கு துளை போட்டு, பனியின் கனத்தை அளந்து பலகையில் எழுதுவது என் வேலை. அந்த நவம்பரில் மூன்று துளை போட்டேன். கை விறைத்துப்போனது. நாலாவது அளவை, வண்டிக்குள் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே எழுதினேன், பன்னிரண்டு சென்டிமீட்டர் என்று.