ஒரு வாய், இரண்டு சாக்ஸபோன்

நிலோஃபர் விளையாட்டாகச் சொன்ன ஒரு பொய், அவள் கல்யாணத்தையே நிறுத்தி வைத்திருந்தது.

காந்திபுரத்தில் அவளுடைய அத்தா மைதீன் பிச்சை கேசட் கடை வைத்திருந்தார். பிறவியிலேயே பார்வையில்லாத ஆசிப் அங்கே வாடிக்கை. மாமாவின் பேண்டு செட்டில் கிளாரினெட் பழகி, பிறகு கல்யாண வரவேற்புகளில் சாக்ஸபோன் வாசிக்க வந்தவன். மேடையில் சினிமாப் பாட்டு, மனசெல்லாம் ஜாஸ். நாலு வரி ஒழுங்காக வாசிப்பான். அதற்கப்புறம் மெட்டை விட்டு எங்கேயோ கிளம்பிவிடுவான். அவன் திரும்பி வரும்வரை பாடகர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அசடு வழிய நிற்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் நிலோஃபர் அவனுக்குப் புதிதாக வந்த ஜாஸ் கேசட் ஒன்றைப் போட்டாள். இரண்டு சாக்ஸபோன்கள் ஒன்றையொன்று துரத்தின, சண்டை பிடித்தன, கைகோத்து ஓடின.

"ஏனுங்க, இது ஒரே ஆளா?" என்று வாய் பிளந்தான் ஆசிப்.

அட்டையில் இரண்டு பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நிலோஃபருக்குக் குறும்பு வந்தது. "ஒரே ஆள்தானுங்க. அவருக்கு வாய் கொஞ்சம் பெருசு."

அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. "அப்படீன்னா இதே மாதிரி நானும் வாசிச்சுப்போட்டுத்தான் உங்க அத்தாகிட்டப் பொண்ணு கேட்டு வருவேனுங்க."

பொண்ணு! அதுவரை ஜாடைமாடையாகக்கூட அவன் அதைச் சொன்னதில்லை. தலை கிறுகிறுத்ததில் பொய்யைத் திருத்த மறந்துபோனாள். மறுநாள் சொல்லலாம் என்றால் பயம். அதற்கடுத்த நாள் இன்னும் பயம். அந்தக் கேசட்டில் யாருமே செய்யாத ஒன்றைச் செய்துவிட்டு வருவதற்காக அவன் போய்விட்டான். எப்போது வருவான்?

ஈரோட்டு ஜவுளிக்கடைக்காரர் வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று அத்தா சொன்னதும், பீளமேடு டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஆசிப்பின் அண்ணன் அப்துல் வஹீது அங்கே மோட்டார் பம்பு பட்டறை நடத்தினார். சாப்பாட்டு நேரத்தில் லேத்துகள் ஓய்ந்ததும் ஆசிப் அங்கேதான் வாசித்துப் பழகுவான்; இல்லையென்றால் அந்தச் சத்தத்தில் யார் வாசிப்பது?

"வாம்மா. காதுல பஞ்சு வெச்சுட்டுப் போ" என்றார் வஹீது. "உள்ளார ஆடு கத்திட்டு இருக்குது."

உள்ளே ஆசிப்பின் கழுத்தில் இரண்டு சாக்ஸபோன்கள் குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கின. ஒற்றைக் கைக்கு எட்டாத விசைகளுக்கெல்லாம் பித்தளைக் கம்பியைப் பற்றவைத்து நீட்டிக் கொடுத்திருந்தார் அண்ணன்.

"நான் ஒண்ணு சொல்லோணுங்க" என்றாள் நிலோஃபர்.

"மொதல்ல கேளுங்க அம்மணி." இரண்டு குழல்களையும் ஒன்றாக வாயில் கவ்வினான். கன்னம் இரண்டும் பந்தாக உப்பின.

முதலில் ஆடுதான் கத்தியது. பிறகு இடதுகைச் சாக்ஸபோன் ஒரே சுரத்தில் நின்று ரீங்கரிக்க, வலதுகை அதன்மேல் ஏறிக் குதித்தது. சட்டென்று இரண்டும் ஓடத் தொடங்கின. தகரக் கூரை அதிர்ந்தது. சோற்றுப் போசியோடு எழுந்து வந்த ஆட்கள் வாயிலிருந்ததை மெல்லவும் மறந்து நின்றார்கள். நிலோஃபருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. பேசாமல் இருந்துவிட்டால் என்ன? யாருக்கும் தெரியாது.

"அது ரெண்டு பேருங்க!" என்று கத்திவிட்டாள்.

வாசிப்பு நின்றது. "யாரு?"

"கேசட்டுல. ரெண்டு ஆளு, ரெண்டு வாயி. நான் சும்மா சொன்னேனுங்க, நீங்க நம்பிப்போட்டீங்க."

"அடக் கெரகமே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார் வஹீது. "கம்பி பத்தவெச்சே என் கை கருகிப்போச்சுடா!"

ஆசிப் சிரிக்கவில்லை. "அப்ப அந்தாளே இல்லீங்களா? தெனமும் அவருகூடத்தானே மல்லுக்கட்டிட்டு இருந்தேன்."

"இல்லீங்க."

"நான்தான் வாசிச்சுப்போட்டனே. அப்பறம் எதுக்குச் சொன்னீங்க?"

"பொய்ய வெச்சுட்டு உங்க ஊட்டுல எப்படிங்க வந்து குடித்தனம் பண்றது?"

அவன் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. அப்புறம் அடக்க மாட்டாமல் வெடித்துச் சிரித்தான். "அவரு இல்லாட்டிப் போறாரு. உங்க அத்தா இருக்காருல்ல? கெளம்புங்க!"

கேசட் கடை வாசலில் அவன் வாசித்தபோது டவுன் பஸ் ஒன்று நகராமல் நின்றது. கண்டக்டர் விசிலடித்துத் தாளம் போட்டார். மைதீன் பிச்சை கல்லாவிலிருந்து எழுந்து வந்து, அவன் வாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து பார்த்தார்.

"பொண்ணு கேக்க இத்தன நாளாப்பா?"

"ரெண்டையும் வாசிச்சுட்டு வரலாம்னு இருந்தேனுங்க."

"ஒண்ணோட வந்திருந்தாலே குடுத்திருப்பேன். ஒரு வருசமா இவ அந்த ஒரே கேசட்டப் போட்டு என் காதக் கிழிச்சிருக்கா, எனக்குத் தெரியாதா? நீ வாயத் தொறக்கிற மாதிரி இல்லேன்னுதான் ஈரோட்டுக்காரங்கள வரச் சொன்னேன். இப்பவே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிப்போடறேன்."

கூட்டம் கைதட்டியது. இன்னொரு பாட்டு என்று பஸ்ஸுக்குள்ளிருந்து கூச்சல்.

"ஆனா ஒண்ணு" என்று விரலை நீட்டினார். "நிக்காஹ் அன்னிக்கு இது ரெண்டும் ஊட்டுலயே இருக்கோணும். சம்மதம்னு கபூல் சொல்றதுக்கு வாயி காலியா வேணும். சரியா?"

சரி என்று சொல்ல ஆசிப்பால் முடியவில்லை. அதற்குள் இரண்டு குழல்களையும் வாய்க்குள் திணித்திருந்தான். கன்னங்கள் உப்ப, தலையை மட்டும் பலமாக ஆட்டினான்.