டிரில் டீச்சரின் இரண்டு கம்புகள்

நடக்கிற சத்தத்தை வைத்தே என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவேன். செருப்பைத் தேய்ப்பவள் யார், குதிகாலால் இடிப்பவள் யார் என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும். இருபத்திரண்டு வருஷம் டிரில் டீச்சராக இருந்தவளுக்கு இந்த அளவுக்காவது காது வேண்டாமா? என் பெயர் ஜீவமணி. பிறந்தது நாசரேத், வாக்கப்பட்டது தூத்துக்குடி, வேலை மில்லர்புரத்துப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில். எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம் என்பார்கள். வாய் குறைவாக இருந்தால் மைதானத்தின் மறுகோடியில் நிற்கிறவளுக்கு எப்படிக் கேட்கும்?

எழுபத்தைந்தாம் வருஷம் பிப்ரவரியில், நீளம் தாண்டுவது எப்படி என்று ஒன்பதாம் வகுப்புக்குச் செய்து காட்டப் போய் வலது முழங்காலைக் கெடுத்துக்கொண்டேன். நாற்பத்து நாலு வயதில் வாயால் சொல்லியிருந்தால் போதும். கோடை விடுமுறை முழுக்க ஒத்தடம் கொடுத்தும், இறக்கத்தில் கால் வைத்தால் முழங்கால் மடங்கியது. எலும்பு முறியவில்லை, ஆனால் இப்படியே படுத்துக் கிடந்தால் தொடை மெலிந்து கால் இன்னும் மோசமாகும், தினமும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். வலிக்கிற காலை வைத்துக்கொண்டு எப்படி நடப்பது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்றே தலைமையாசிரியை பிளாரன்ஸ் அம்மா கூப்பிட்டு அனுப்பினார்கள். நல்ல உயரம், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, கையில் நீளமான கறுப்புக் குடை. வெயில் இல்லாத ஜெபக்கூட்டத்தில்கூட அந்தக் குடை இல்லாமல் அவர்களை ஒருவரும் பார்த்ததில்லை. வராந்தாவில் குடை நுனி டக் டக் என்று வந்தால் வகுப்புகள் தானாக அடங்கிவிடும். பாளையங்கோட்டையிலிருந்து பயிற்சி முடித்த ஒரு பெண் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள், நான் தையல் வகுப்புக்கு மாறிக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே பொறுமை கிடையாது. அதைவிட, மைதானத்தில் வேறு ஒருத்தி விசில் ஊத, நான் ஜன்னலுக்குள் உட்கார்ந்து தலையணை உறைக்குப் பூப்போடுவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

செப்டம்பர் நடைவரை பொறுக்கச் சொன்னேன். செப்டம்பர் ஐந்து வ.உ.சி. பிறந்த நாள். அன்றைக்குப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் அவர் பிறந்த ஓட்டப்பிடாரத்துக்கு நடந்தே போவது எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கம். இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். டிரில் டீச்சர்தான் முன்னால் நடக்க வேண்டும். அம்மா யோசித்துவிட்டுச் சம்மதித்தார்கள். கடைசிவரை நடந்து முடித்தால் டிரில், இல்லாவிட்டால் தையல். தானும் கூடவே நடந்து வந்து பார்ப்பதாகவும், வழியில் வண்டி ஏறினவர்கள் யாராக இருந்தாலும் நடந்ததாகச் சேர்த்தி இல்லை என்றும் சொன்னார்கள். மறுநாள் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்க அறிவித்தும்விட்டார்கள்.

அந்த வாரம்தான் பின்லாந்துக் கப்பல் ஒன்று பத்திரிகைக் காகித உருளைகளை இறக்குவதற்குப் புதுத் துறைமுகத்துக்கு வந்தது. என் வீட்டுக்காரர் ஞானையா அங்கே சரக்கு எண்ணுகிற கிளார்க். அந்தக் கப்பலின் சீப் என்ஜினியர், அறுபதை நெருங்கின வெள்ளைக்காரன், தினமும் காலையில் கைக்கு ஒன்றாக இரண்டு அலுமினியக் கம்பை வைத்துக்கொண்டு கப்பலின் மேல்தளத்தில் நடக்கிறான் என்று சொல்லிச் சிரித்தார்.

"நொண்டுதாரோ?" என்று கேட்டேன்.

"நொண்டவாவது. எங்க ஆளு ஒருத்தனும் கூட நடக்க முடியல. முழங்கால்ல ஆபரேசன் பண்ணுன மனுசனாம்."

எனக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு அவரை இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன்.

பென்ட்டி என்று பெயர். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன. அவர்கள் ஊரில் பனிக்காலத்தில் காலில் பலகை கட்டிக்கொண்டு கம்பால் தள்ளித் தள்ளி வழுக்கிப் போவார்களாம். கோடையில் பனி இருக்காது. உடம்பு பழக்கம் விட்டுப் போகாமல் இருக்க, அதே கம்புகளோடு தரையில் நடப்பார்களாம். உடம்புப் பாரத்தில் கொஞ்சத்தைக் கம்பு வழியாகக் கையும் தோளும் வாங்கிக்கொள்வதால் முழங்கால் மூச்சுவிடும் என்றார். தன் கம்புகளை என்னிடம் கொடுத்தார். சேலையைச் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

கிளம்பின பத்தாவது அடியில் மூட்டை தூக்குகிற ஆட்கள் சிரித்துவிட்டார்கள். வலது காலோடு வலது கை போகிறது, இடது காலோடு இடது கை போகிறது. இருபத்திரண்டு வருஷமாக எந்தத் தப்புக்காகப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தினேனோ அதையே நான் செய்துகொண்டிருந்தேன். திருத்தத் திருத்த இன்னும் மோசமானது. லெப்ட் ரைட் என்று மனசுக்குள் கட்டளை போட்டதுதான் வினை. பென்ட்டி வந்து கம்பின் வாரை என் மணிக்கட்டில் மாட்டி, பிடியை விட்டுவிடச் சொன்னார். கம்புகள் பின்னால் தரையில் இழுபடட்டும், அவற்றை மறந்துவிட்டுக் கடைக்குப் போகிறமாதிரி நடங்கள் என்றார். முப்பது அடி நடந்ததும் எதிர்க்கை எதிர்க்கால் தானாக வந்தது. அதன் பிறகுதான் பிடிக்கச் சொன்னார்.

கப்பல் நின்ற பத்து நாளில் மூன்று தடவை போய்க் கற்றுக்கொண்டேன். கம்பைக் காலுக்கு முன்னால் ஊன்றக் கூடாது. நுனி எப்போதும் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ஊன்றின கை இடுப்பைத் தாண்டிப் பின்னால் போகும்வரை தள்ளிவிட்டு விரல்களைத் திறந்துவிட வேண்டும், வார் கம்பைப் பிடித்துக்கொள்ளும். தோள் இறங்கி, பார்வை நேராக இருக்க வேண்டும். நான் இதை எனக்காக ஒரே வரியாக்கி வைத்துக்கொண்டேன். ஒரு கம்பு என்றால் சாய்வதற்கு, இரண்டு கம்பு என்றால் தள்ளுவதற்கு.

தோணி கட்டுகிற தச்சர் பொன்னுதுரை அண்ணாச்சியிடம் மூங்கிலில் ஒரு ஜோடி செய்யச் சொன்னேன். அவர் என் கால் விஷயம் தெரிந்தவர். இரக்கப்பட்டு, அக்குள் உயரத்துக்கு வைத்து, மேலே பஞ்சுகூடச் சுற்றித் தந்தார். எனக்கு வந்த கோபத்தில் அதை வைத்தே அவரை அடித்திருப்பேன். முழங்கையை மடக்கினால் கை தரைக்குச் சமமாக நிற்கிற உயரம்தான் வேண்டும் என்று நின்று காட்டி அறுக்கவைத்தேன். அடியில் ஓர் ஆணி, தார் ரோட்டுக்கு மாட்டிக்கொள்ள டயர் ரப்பரில் ஒரு மூடி, பிடியில் காடாத்துணி வார். முடித்துவிட்டு அவரே ஒரு சுற்று நடந்து பார்த்து, தோள்பட்டை நல்லா இழுக்குது என்றார்.

தினமும் விடிகாலையில் உப்பளத்து வரப்புகளில் நடந்தேன். உப்பு வாரப் போகிற பெண்கள் முதல் வாரம் சிரித்தார்கள். "ஏளா, டீச்சருக்கு நாலு காலு மொளைச்சிருக்கு" என்றாள் ஒருத்தி. இரண்டு கால் இருக்கிற நீ என் பின்னால் வந்து பிடி பார்ப்போம் என்றேன். அவள் முயன்று பார்த்துப் பாதி வரப்பில் நின்றுவிட்டாள். ஒரு மாதத்தில், நொண்டி நொண்டி நடந்ததில் வந்திருந்த இடுப்பு வலி போனது. பசி எடுத்தது, படுத்தால் தூக்கம் வந்தது, கூன் விழுந்திருந்த முதுகு நிமிர்ந்தது. ஆகஸ்டில் வலது தொடையைத் தொட்டுப் பார்த்தால் இடது தொடைமாதிரியே கெட்டியாக இருந்தது. வீட்டுக்காரரிடம் காட்டினேன், அவர் வெட்கப்பட்டார்.

பிளாரன்ஸ் அம்மா மட்டும் மசியவில்லை. மைதானத்தில் நான் கம்போடு நடப்பதைப் பார்த்துவிட்டு, ஊன்றுகோல் பிடித்த டிரில் டீச்சரைப் பார்த்துப் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்ளும், இதைவிடக் கேவலம் உண்டா என்று ஆபீசில் வைத்துக் கேட்டார்கள். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"காலால நடக்கணும்னுதான் சொன்னிய. கையில என்ன இருக்கணும்னு நீங்க சொல்லலியே" என்றேன்.

அவர்கள் குடையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

செப்டம்பர் ஐந்து, வெள்ளிக்கிழமை. ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள், விடிவதற்கு முன்பே கிளம்பினோம். முன்னால் நான், எனக்கு நாலடி பின்னால் பிளாரன்ஸ் அம்மா. உப்பளம் முடிந்து கரிசல் காடு தொடங்கும்போது சூரியன் வந்தது. என் கம்புகள் தார் ரோட்டில் சீராகத் தட்டின. முழங்கால் சொன்னபடி கேட்டது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் சங்கீதம் பாடியிருப்பேன், மூச்சை வீணாக்கக் கூடாதே என்று விட்டேன்.

பாதி வழிக்கு மேல் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. டக். வலது கால் தரையில் படுகிற ஒவ்வொரு தடவையும் டக். நேரம் ஆக ஆக அது கனத்தது. காலுக்கு முன்பே குடை விழுந்தது, குடை தாங்கின பிறகுதான் கால் வந்தது. இத்தனை வருஷமாக வராந்தாவில் கேட்ட அதே சத்தம். கம்பீரம் என்று நான் நினைத்திருந்தது முழங்கால் வலி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செருப்பைத் தேய்ப்பது தெரிந்த இந்தக் காதுக்கு இது மட்டும் தெரியாமல் போயிற்று.

ஓட்டப்பிடாரத்துக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது குடை முறிந்தது. பிளாரன்ஸ் அம்மா தடுமாறி ஒரு சின்னப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் என் மனசு குளிர்ந்தது. கேவலம் என்றீர்களே, இப்போது சொல்லுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. பின்னால் வைக்கோல் ஏற்றி வந்த மாட்டுவண்டிக்காரர் நிறுத்தி, ஏறிக்கிடுங்கம்மா என்றார். ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளும் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றன. வேண்டாம் என்று அவர்கள் தலையசைத்தார்கள். முகத்தில் வியர்வையா கண்ணீரா என்று தெரியவில்லை. என் குளிர்ச்சியெல்லாம் அந்த முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க மரத்தடிக்கு அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனை வருஷமாக என்று கேட்டேன்.

"ஆறு வருசம். ரெண்டு காலும்" என்றார்கள். "கம்பு ஊணுனா வேலைக்கு ஆகமாட்டான்னு ஒதுக்கிருவாங்க. குடைன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

நானும் அந்த பயத்தில்தானே மூன்று மாதமாக வரப்பு வரப்பாக நடந்தேன். பிறகு அவர்கள் என் கம்புகளைப் பார்த்து, ஒன்றைத் தந்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளும்படி சொன்னார்கள். நியாயமான யோசனைதான். ஆனால் ஒரு கம்பு அவர்களையும் சாய்க்கும், என்னையும் சாய்க்கும். இன்னும் மூன்று கிலோமீட்டர், கடைசியில் கண்மாய்க் கரை இறக்கம். இறக்கத்தில்தான் என் முழங்கால் மடங்கும். மடங்கினால் தையல் வகுப்பு. ஜன்னல், தலையணை உறை எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து போயின.

இரண்டு வார்களையும் என் மணிக்கட்டிலிருந்து கழற்றி அவர்கள் மணிக்கட்டில் மாட்டினேன்.

"பிடிக்காதிய. பின்னால இழுத்துக்கிட்டு வாங்க. கடைக்குப் போற மாதிரி நடங்க" என்றேன்.

இருபது அடியில் அவர்களுக்கு வந்துவிட்டது. எனக்கு முப்பது ஆனது. இப்போது பிடித்துத் தள்ளுங்கள், முன்னால் ஊன்றாதீர்கள், பின்னால் தள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு முன்னால் வந்து நின்றேன். முறிந்த குடையை ஒரு பிள்ளையிடம் கொடுத்தேன். வெறுங்கை இரண்டும் என்னமோ மாதிரி இருந்தன. கம்பு இருப்பதாகவே நினைத்துக்கொண்டு கையை இடுப்புக்குப் பின்னால் தள்ளித் தள்ளி நடந்தேன். முதல் கிலோமீட்டர் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் முழங்காலுக்குள் குத்த ஆரம்பித்தது. கண்மாய்க் கரை வந்தது.

இறக்கத்தில் முதல் அடி வைத்தபோது மூச்சை அடக்கிக்கொண்டேன். கால் நடுங்கியது. மடங்கவில்லை. மூன்று மாதம் உப்பளத்தில் சேர்த்த தொடை அது, என்னைக் கைவிடவில்லை. அடுத்த அடி, அதற்கு அடுத்த அடி. கீழே சமதரைக்கு வந்ததும் என் வாய் தானாகத் திறந்து, ஊரே திரும்பிப் பார்க்கிறமாதிரி லெப்ட் ரைட் போட்டேன். ஐம்பத்தெட்டும் ஒரே காலாக விழுந்தது. அதற்குப் பின்னால் டக் என்ற ஒற்றைச் சத்தம் இல்லை. இரண்டு கம்பும் மாறி மாறிச் சீராகத் தட்டி வருகிற சத்தம்.

ஓட்டப்பிடாரம் பஸ் நிறுத்தத்து வேப்பமரத்தடியில் வரிசையைக் கலைத்தேன். பிளாரன்ஸ் அம்மா வந்து என் எதிரில் நின்றார்கள். சேலை முழுக்கப் புழுதி, கஞ்சியெல்லாம் போய்விட்டது, ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது. நான் கம்புகளுக்காகக் கையை நீட்டினேன். அவர்கள் தரவில்லை. பிள்ளைகள் எல்லாரும் கேட்கும்படியே கேட்டார்கள்.

"டீச்சர், திங்கக்கிழமையில இருந்து எனக்கு எத்தனை மணிக்கு டிரில் வச்சிருக்கிய?"